மண் நமது, மண்ணடியில்?

காவியங்களுக்குத் திறனாய்வு எழுதுவோருக்கு நம்மிடையே பஞ்சமில்லை. கம்பனிடம் கலைநயம் கண்டு களித்தவர்களும், அந்தக் கலைநயத்துக்குள் பதுங்கியிருந்த நஞ்சைக் கண்டு எச்சரித்தவர்களும் ஏடு ஏடாக எழுதியிருக்கின்றனர். வேண்டிய பணிதான். எனினும், எந்தக் காவியமும் ஓர் உழவனின் வீட்டையும் கிணற்றையும் ஒரு காலைப்பொழுதில் இல்லாமற் செய்துவிடுவதில்லை. அந்த ஆற்றல் படைத்த எழுத்து ஒன்றுதான் உண்டு, அது சட்டம். அதற்கு உரையாசிரியர்கள் இருக்கின்றனர், கட்டணம் பெற்றுக்கொண்டு உரை சொல்வர், திறனாய்வாளர்தாம் இல்லை. சொல்லைப் பார்த்து, சொல்லாமல் விட்டதைப் பார்த்து, எவர் பேசுகிறார், எவரை நோக்கிப் பேசுகிறார் என்று கேட்டு, ஒரு கவிதையைப் படிப்பதுபோல் ஒரு சட்டத்தை நாம் படிப்பதில்லை. படித்தால் என்ன?

நூல் முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும். 1957-ஆம் ஆண்டின் 67-ஆம் சட்டம், சுரங்கங்கள் கனிமங்கள் பற்றியது. அதன் இரண்டாம் பிரிவு, ஆங்கிலத்தில் உள்ளது. கருத்தைத் தமிழில் தருகிறேன். சுரங்கங்களை ஒழுங்குபடுத்துவதையும் கனிமங்களை மேம்படுத்துவதையும், பின்னர்க் கூறப்படும் அளவுக்கு, ஒன்றியம் தன் கட்டுப்பாட்டின் கீழ் எடுத்துக்கொள்வது பொதுநலன் கருதி உகந்தது என இதனால் அறிவிக்கப்படுகிறது. அவ்வளவுதான். எதுகையில்லை, மோனையில்லை, உவமையில்லை. ஆனால் நெய்வேலியிலிருந்து ராணிகஞ்ச் வரை, இந்த வாக்கியத்தின் நிழல் விழாத சுரங்கம் ஒன்றுகூட இல்லை.

பள்ளியில் இலக்கணம் நடத்துகிறவன் என்ற முறையில் முதலில் என் கண்ணில் பட்டது பயனிலை. ‘அறிவிக்கப்படுகிறது.’ செயப்பாட்டுவினை! செயப்பாட்டுவினை வந்தால், செய்தவன் மூன்றாம் வேற்றுமை உருபை ஏற்று, ‘இவனால்’ என்று முன்னே வந்து நிற்கவேண்டும் என்று சிறுவர்களுக்குச் சொல்லித்தருகிறோம். இங்கே ‘ஆல்’ உருபு எங்கே? யாரால் அறிவிக்கப்படுகிறது? யாரைக் கேட்டு உகந்தது என்று முடிவு கட்டப்பட்டது? வாக்கியம் வாய் திறக்கவில்லை. எடுத்துக்கொள்பவருக்கு ஒன்றியம் என்று பெயர் இருக்கிறது. எவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறதோ, அவருக்குப் பெயர் இல்லை. வேற்றுமை உருபு இல்லை. வாக்கியத்தில் இடமே இல்லை. தேர்வுத்தாளில் மாணவன் ஒருவன் இப்படி எழுதினால், பாதி மதிப்பெண் குறைத்துவிடுவேன். நாடாளுமன்றம் எழுதிற்று, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அது செல்லுபடியாகி வருகிறது.

ஊர்ப்பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னால், ‘எல்லாம் விதி’ என்று பெருமூச்சு விடுவார். விதிதான், ஐயமில்லை! பிரமன் தலையில் எழுதிய விதியன்று. செயலகத்தில் அமர்ந்து வரைவாளர் எழுதிய விதி. அதற்கு எண் உண்டு, ஆண்டு உண்டு, திருத்தம் உண்டு. மனிதன் எழுதியதை மனிதன் அடித்துத் திருத்தலாம். தலையெழுத்து என்று நம்புகிற வரையில் எவரும் பேனாவை எடுக்கப்போவதில்லை. அதனால்தான் இத்தகைய சட்டங்களுக்குத் தலையெழுத்துத் தத்துவம் மிகவும் உதவியான துணைவனாக இருந்துவருகிறது.

பாடாலூரில் இருப்பவனுக்கு நிலக்கரியைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். பெருஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால், கரிசல் மண்ணும் சின்ன வெங்காயமும் பருத்தியும் முதலில் வரும். பிறகு அரியலூரின் சுண்ணாம்புக்கல் பள்ளங்கள். சிமெண்டு ஆலைகளின் புகைபோக்கிகள். அதற்கும் அப்பால் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம். முந்திரித் தோப்புகள் நிற்கும் செம்மண். அந்தச் செம்மண்ணுக்குக் கீழே பழுப்பு நிலக்கரி. வெள்ளாற்றைக் கடந்து வடக்கே சென்றால் நெய்வேலி. ஒரே நிலத்தொடர், மேலே இருப்பது உழவனுடையது, கீழே இருப்பது எவருடையது என்பதே வழக்கு.

இந்த மண்ணடி வரலாறு புராணங்களைவிடச் சுவையானது. நம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், ஒரு பெருமரம் கல்லாகிக் கிடக்கிறது. 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது என்கின்றனர் நிலவியலார். அப்போது இங்கே கடல் அலையடித்தது. அக்கடலின் உயிர்களே அரியலூரின் சுண்ணாம்புக்கல்லில் படிந்துள்ளன. மரம் கல்லானது எவர் சாபத்தாலும் அன்று. அதற்கு நெடுங்காலம் பின்னர், நெய்வேலிப் பக்கத்துக் காடுகள் சேற்றில் புதைந்து, கல்லாகாமல் கரியாயின. முற்றாத கரி, ஏறத்தாழப் பாதி எடை ஈரம். இந்தியாவின் பழுப்பு நிலக்கரி வளத்தில் ஐந்தில் நான்கு பங்களவு தமிழ்நாட்டு மண்ணுக்குள் இருக்கிறது என்பது கணக்கு. அதை எடுப்பதற்குச் சுரங்கம் குடைந்து உள்ளே இறங்குவதில்லை. மேலே கிடக்கும் மண்ணை, ஊரும் வயலும் உட்பட, முழுவதுமாக அகழ்ந்து தள்ளவேண்டும். கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். இல்லையேல் பள்ளம் நீரில் மூழ்கிவிடும். ஆகவே பழுப்பு நிலக்கரி என்றால் நிலம், நீர், கரி மூன்றும் சேர்ந்தே பொருள். சட்ட வாக்கியம் ‘கனிமம்’ என்ற ஒரு சொல்லால் மூன்றையும் விழுங்கிவிடுகிறது. ‘மேம்பாடு’ என்றும் ஒரு சொல் அங்கே உண்டு. கரியை எவரும் மேம்படுத்துவதில்லை. எடுக்கிறார்கள், எரிக்கிறார்கள், அது தீர்ந்துபோகிறது. எடுப்பதற்கு மேம்பாடு என்று பெயர் வைத்த புலவர் எவரோ, அவருக்கு அணியிலக்கணத்தில் நல்ல பயிற்சி இருந்திருக்கவேண்டும்.

பெயர் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. நெய்வேலியின் பெயர்க்கதையையும் பார்த்துவிடலாம். 1934-இல் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டுகையில் கரும்பொருள் வெளிப்பட்டது. 1956-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. 1957 மே திங்களில் அகழும் பணியை நேரு தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. செருமானிய நாட்டு இராட்சத இயந்திரங்கள் மண்ணை வாரின. சோவியத் நாட்டு உதவியுடன் அனல்மின் நிலையம் எழுந்தது. காமராசர் ஆட்சிக்கால முயற்சிக்கு உரிய பாராட்டை நாம் குறைக்கவேண்டியதில்லை. அத்துணைப் பெரிய தொழில் ஒன்று தென்னகத்தில், அதுவும் அரசுத்துறையில் வந்ததை வரவேற்றவர்களில் நம் இயக்கத்தாரும் உண்டு. வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்ற நம் குரலுக்குச் சிறிதளவேனும் விடையாக வந்த தொழிலன்றோ! ஆனால் 2016-இல் அந்நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என்று மாறிற்று. நெய்வேலி என்னும் ஊர்ப்பெயர் ஓர் ஆங்கில எழுத்தாகச் சுருங்கியது. பக்கத்தில் இந்தியா முழுப்பெயராக அமர்ந்துகொண்டது. இராஜஸ்தானிலும் ஒடிசாவிலும் அதற்குச் சுரங்கங்கள் உண்டே, பெயர் விரியவேண்டாவோ என்பர். விரிந்ததைக் குறைகூறவில்லை, விரியும்போது எது சுருங்கிற்று என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கல்லக்குடியில், 1953 சூலை 15-ஆம் நாள், டால்மியாபுரம் என்ற பெயரை நீக்கக் கோரித் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தார்கள். ஒரு சிமெண்டு ஆலை முதலாளியின் பெயர் ஊருக்கு எதற்கு என்று கேட்டார்கள். பெயர்ப்பலகைக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அன்று நகைத்தவர்கள் பலர். பெயர் போன வழியேதான் உரிமையும் போகும் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. 1957-ஆம் ஆண்டுச் சட்ட வாக்கியத்தில் மாநிலத்தின் பெயர் ஏன் இல்லை என்று நான் கேட்பதும் அதே கேள்வியின் மறுபக்கம்.

அடுத்த சொல், ‘பொதுநலன்.’ இதை எதிர்த்து எவரும் பேசிவிட முடியாது; அதுவே இச்சொல்லின் வலிமை. நெய்வேலி மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டுமன்றிக் கேரளம், கருநாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகியவற்றுக்கும் செல்கிறது. விளக்கு எரிகிறது, ஆலை ஓடுகிறது, பள்ளி நடக்கிறது. பொதுநலன் இல்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. 2023 சூலைத் திங்களில் வளையமாதேவியில் நடந்ததை மட்டும் நினைவூட்டுகிறேன். இரண்டாம் சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காகக் கால்வாய் வெட்டும் இயந்திரங்கள், பயிர் நின்றுகொண்டிருந்த நெல்வயலுக்குள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, பணமும் கொடுத்தாயிற்று, பயிரிடாதீர் என்று சொல்லியும் பயிரிட்டனர் என்றது நிறுவனம். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி, அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். அந்தக் காட்சி தமக்குக் கண்ணீர் வரவழைத்தது என்றும் கூறினார். சட்டப்படி நிலம் நிறுவனத்துடையதாக இருக்கலாம். நெல்? கதிர் முற்றும்வரை காத்திருந்தால் பொதுநலன் எந்த அளவு குறைந்திருக்கும்? இரண்டாம் பிரிவின் வாக்கியத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் இதற்கு விடை உதிராது.

இனி, ‘ஒன்றியம்.’ நம் அரசமைப்புச் சட்டம் மாநிலப் பட்டியலின் 23-ஆம் இனமாகச் சுரங்கங்களையும் கனிம மேம்பாட்டையும் வைத்தது. வைத்த கையோடு ஒரு வாலையும் கட்டிற்று: ஒன்றியப் பட்டியலின் ஏற்பாடுகளுக்கு உட்பட்டு. அந்த ஒன்றியப் பட்டியலில் 54-ஆம் இனம் என்ன சொல்கிறது? பொதுநலன் கருதி உகந்தது என்று நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் அறிவித்தால், அந்த அளவுக்கு ஒன்றியம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆக, உரிமை கொடுத்தது ஒரு வரி. அதை எடுத்துக்கொள்ள வழி சொன்னது மற்றொரு வரி. எடுத்துக்கொண்டது நாம் பார்த்துக்கொண்டிருக்கும் வாக்கியம். நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிவிட்டன. டில்லியின் முன் அனுமதியின்றி மாநிலம் அவற்றுக்குக் குத்தகை கொடுக்க முடியாது.

இதே ஆண்டில் இதற்கு ஓர் உடன்பிறப்பும் தோன்றிற்று: 1957-ஆம் ஆண்டின் 20-ஆம் சட்டம், நிலக்கரிப் பகுதிகளைக் கையகப்படுத்துவது. அறிவிப்பு வந்தபின் 30 நாட்களுக்குள் மறுப்புரை கூறலாம் என்று அது இடம் தருகிறது. தந்துவிட்டு, ஒரு விளக்கவுரையும் சேர்க்கிறது. ‘என் நிலத்துக் கரியை நானே எடுத்துக்கொள்கிறேன், ஒன்றிய அரசு எடுக்கவேண்டா’ என்று ஒருவர் சொன்னால், அது மறுப்புரையாகவே கொள்ளப்படாதாம்! பேசலாம், ஆனால் இதைப் பேசினால் பேசியதாகக் கணக்கில்லை. நகைச்சுவை எழுத்தாளர்கள் பொறாமை கொள்ளத்தக்க இடம் இது.

அந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றது எந்த மாநிலம் என்று நினைக்கிறீர்கள்? மேற்கு வங்கம். அப்போது அங்கேயும் காங்கிரசு ஆட்சி, டில்லியிலும் காங்கிரசு ஆட்சி. ஆகவே பிரிவினைவாதிகளின் கிளர்ச்சி என்று அதைத் தள்ளிவிட வழியில்லை. மாநில அரசுக்கே சொந்தமான நிலத்தை ஒன்றியம் கையகப்படுத்தலாமா என்பது வழக்கு. 1962 திசம்பர் 21-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியா மரபான கூட்டாட்சியன்று, மாநிலங்களுக்கு இறைமை இல்லை, எடுத்துக்கொள்ளலாம் என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். சுப்பாராவ் ஒருவர் மட்டும் மாறுபட்டார். ஒன்றியமும் மாநிலமும் தத்தம் எல்லைக்குள் சமமாக நிற்பவை, ஒன்றின் உடைமையை மற்றொன்று கட்டாயமாகப் பறிக்க அரசமைப்பு அதிகாரம் தரவில்லை என்பது அவர் கருத்தின் சாரம். இரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஒன்று, வரலாற்றைச் சொல்லி அதிகாரத்துக்கு வருகிறது: பிரிட்டிஷ் அரசு மாகாணங்களை உண்டாக்கிற்று, ஆகவே மாநிலம் பெற்ற பிள்ளை என்கிறது. மற்றொன்று, எழுதப்பட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு, இங்கே பட்டியல் பிரித்துக் கொடுத்திருப்பது எதற்கு என்று கேட்கிறது. திறனாய்வாளன் கண்ணுக்கு இரண்டாவதே சிறந்த எழுத்து. நீதிமன்றக் கணக்கில் முதலாவதே சட்டம். அதே 1962-இல்தான் அண்ணா மாநிலங்களவையில் தம் முதல் உரையை நிகழ்த்தினார். பின்னாளில் இராஜமன்னார் குழு 1971-இல் தந்த அறிக்கையையும், 1974-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மாநில சுயாட்சித் தீர்மானத்தையும் ஏதோ உணர்ச்சி வெள்ளத்தில் எழுந்தவை என்று பேசுவோர், வங்கத்து நிலக்கரி வழக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தல் நலம்.

மண்ணடி எவருடையது என்ற கேள்வி, சட்டப் புத்தகங்களுக்கு மிகவும் முற்பட்டது. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில்தானே கங்கைகொண்ட சோழபுரம்! சோழர் காலத்து நிலக்கொடைச் சாசனங்களில், மேல்நோக்கி வளரும் மரமும் கீழ்நோக்கி இறங்கும் கிணறும் சேர்த்தே கொடுத்தோம் என்ற பொருளில் சொற்றொடர் வரும். நிலம் என்றால் மேற்பரப்பு மட்டுமன்று என்பது அன்றைய ஓலை எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கொடைகளில் எத்தனை பிரமதேயமாகப் போயின, உழுதவன் கைக்கு என்ன வந்தது என்பதை மறந்துவிட்டுச் சோழர் பெருமை பாட நான் வரவில்லை. எடுத்தவர் யார், பெற்றவர் யார், எதைச் சேர்த்துக் கொடுத்தார் என்று எழுவாயும் செயப்படுபொருளும் தெளிவாக நிற்கும் எழுத்து அது என்பதற்காகச் சொன்னேன். நம் காலத்திலும் அத்தகைய தெளிவு ஒருமுறை வந்தது. கேரளத்து வழக்கொன்றில் 2013-இல் உச்சநீதிமன்றம், மண்ணடி வளம் அனைத்தும் அரசுக்கே உரியது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, முறையான வழியில் பறிக்கப்படாத வரையில் நிலத்தின் உடைமையைத் தொடர்ந்தே அதுவும் செல்லும் என்று கூறிற்று. உழவர்கள் மகிழத்தக்க தீர்ப்புத்தான். ஆனால் ‘முறையான வழியில்’ என்ற வாசல் திறந்தே இருக்கிறது. அந்த வாசல் எத்துணை அகலமானது என்பதை ஜெயங்கொண்டத்தார் அறிவர்.

அதற்கு வருமுன், டில்லியோடு நாம் நடத்திய பேரங்களைப் பார்த்துவிடுவோம். 2006-இல் நெய்வேலி நிறுவனத்தின் பங்குகளில் நூற்றுக்குப் பத்தை விற்பது என்று ஒன்றிய அரசு முடிவு செய்தது. தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்; அன்றைய கூட்டணி ஆட்சிக்குத் தி.மு.க.வின் ஆதரவு தேவைப்பட்டது, விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. 2013-இல் மறுபடியும் விற்பனைப் பேச்சு. இம்முறை தமிழ்நாட்டு அரசின் நிறுவனங்களே பணம் கொடுத்து அப்பங்குகளை வாங்கிக்கொண்டன. நம் மண்ணின் தொழில், நம் பணத்தாலேயே நமக்கு ஒரு சிறு பங்கு! 2023 மார்ச்சு இறுதியில் ஒன்றிய நிலக்கரித்துறை வெளியிட்ட ஏலப் பட்டியலில், சேத்தியாத்தோப்பின் கிழக்குப் பகுதி, தஞ்சைப் பக்கத்து வடசேரி, நம் அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி ஆகிய மூன்றும் இருந்தன. மாநில அரசைக் கலந்துகொள்ளவில்லை. ஏப்ரல் 4-இல் முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்; சட்டமன்றம் கொதித்தது; ஏப்ரல் 8-இல் மூன்று இடங்களும் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று ஒன்றிய அமைச்சர் அறிவித்தார். நாம் வெடி வெடித்தோம். வெடித்ததில் தவறில்லை, மூன்று வட்டாரத்து மக்கள் உறங்கினர்.

ஆனால், தோழர்களே, மூன்று நிகழ்ச்சிகளிலும் எது வென்றது? 2006-இல் நாடாளுமன்றத்து எண்ணிக்கை வென்றது. 2013-இல் கருவூலத்துப் பணம் வென்றது. 2023-இல் அரசியல் சூடு வென்றது. ஒன்றிலும் மாநிலத்தின் சட்ட உரிமை வெல்லவில்லை. வெல்லுவதற்கு அப்படியொன்று இல்லை. மைக்கேல்பட்டியை நீக்கியது ஓர் அமைச்சரின் அறிவிப்பு. இரண்டாம் பிரிவு அப்படியே இருக்கிறது. முதல் அட்டவணை அப்படியே இருக்கிறது. கடிதத்தால் காக்கப்பட்ட நிலம், அடுத்த கடிதம் எடுபடாதபோது என்னவாகும்? எண்ணிக்கை இல்லாத காலத்தில், பணமில்லாத காலத்தில், தேர்தல் அருகில் இல்லாத காலத்தில்?

டில்லியை மட்டும் கண்டித்துவிட்டு எழுந்துபோவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஜெயங்கொண்டத்தில் நிலம் எடுத்தது டில்லியன்று. 1990-களில் மாநில அரசின் தொழில்வளர்ச்சி நிறுவனமாகிய டிட்கோ, பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கென்று ஊர் ஊராக நிலங்களைக் கையகப்படுத்திற்று. கொடுத்த விலை போதாது என்று உழவர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினர். நிலத்தை விற்கவும் முடியாமல், கடன் வாங்கவும் வழியில்லாமல், பெண்ணுக்குத் திருமணம் என்றால் கைபிசைந்து நின்றனர். கால் நூற்றாண்டு ஓடிற்று. ஒரு கூடைக் கரிகூட எடுக்கப்படவில்லை. முடிவில் திட்டம் கைவிடப்பட்டது. நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தருவதென்று அரசு தீர்மானித்தது. நிலம் திரும்பியது, ஒரு தலைமுறையின் காலம் திரும்புமோ?

தொழில்களுக்காக நிலம் கையகப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-இல் நம்மவர் ஆட்சியில் எழுதப்பட்டது. 2013-இல் நாடாளுமன்றம், மக்களின் கருத்தைக் கேட்கவேண்டும், சமுதாயத்தில் என்ன விளையும் என்று ஆராயவேண்டும் என்று ஒரு நல்ல சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, அன்றைய அ.தி.மு.க. அரசு 105-அ என்ற பிரிவைச் சேர்த்து, நம் மாநிலச் சட்டங்கள் மூன்றை அதிலிருந்து விலக்கிக்கொண்டது. இழப்பீட்டைப் புதிய முறையில் தருவோம், கேட்பதை மட்டும் விட்டுவிடுவோம் என்பது அதன் பொருள். 2019 சூலையில் உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. சில திங்களுக்குள் சட்டமன்றம் வேறொரு சட்டத்தால் அதை உயிர்ப்பித்தது. 2021-இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இந்த வழக்கில் மாநில உரிமை வென்றது என்று மார்தட்டிக்கொள்ளலாம்! எதற்காக வென்றது? உழவனைக் கேட்காமலிருக்கும் உரிமை அது. டில்லி நம்மைக் கேட்காமல் எடுத்தால் கொடுமை, நாம் நம்மவனைக் கேட்காமல் எடுத்தால் நிர்வாகம் என்று எந்தப் பகுத்தறிவு சொல்கிறது? சுயாட்சி என்னும் ஏணியை எடுத்துச் சென்று கோட்டையின் மாடியில் சார்த்திவிட்டு, ஊராட்சி வாசலில் நிற்பவனை அண்ணாந்து பார்க்கச் சொல்வதற்காகவா அத்தனை பேர் சிறை சென்றனர்?

2020-ஆம் ஆண்டின் காவிரிப் படுகை வேளாண் மண்டலச் சட்டத்தையும் இதே கண்ணாடி கொண்டு பாருங்கள். தஞ்சை, திருவாரூர், நாகை, கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்கள் உள்ளே வந்தன. அரியலூர் இல்லை. பெரம்பலூர் இல்லை. 2023-இல் ஏலத்துக்கு வந்த மைக்கேல்பட்டி, நாமே கட்டிய வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. டில்லியின் வாக்கியத்தில் நமக்கு இடமில்லை என்று சினந்தோம். சென்னையின் அட்டவணையிலும் நம் மாவட்டத்தின் பெயரைத் தேடவேண்டியிருக்கிறது.

கரியே வேண்டா என்று சொல்லும் நண்பர்களிடம் ஒரு வார்த்தை. மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் வடசென்னையிலும் எரிவதில் பெரும்பகுதி ஒடிசாவின் தால்சேர் கரி. பாரதீப்பில் கப்பலேறி எண்ணூரில் இறங்குகிறது. மைக்கேல்பட்டியில் தோண்டாதே என்று முழங்கிவிட்டு வீடு திரும்பி விசிறியைச் சுழலவிடும்போது, தால்சேர்ப் பக்கத்து உழவன் ஒருவனின் வயல் எரிகிறது. அவனும் நம்மைப்போல் இரண்டாம் பிரிவின் வாக்கியத்தில் பெயரில்லாமல் போனவனே. நம் மாநிலத்துக்கு ஒரு சலுகை என்று கேட்பதைவிட, கரியுள்ள ஒவ்வொரு மாநிலத்துக்கும், ஒவ்வோர் ஊராட்சிக்கும் கேட்கப்படும் உரிமை வேண்டும் என்று ஒடிசாவையும் வங்கத்தையும் ஜார்க்கண்டையும் சேர்த்துக்கொண்டு பேசுவது அறிவுடைமை. 1962-இல் வங்கம் தனித்து நின்று தோற்றது.

தனித்து நிற்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. அது அந்த வாக்கியத்தில் இதுவரை நான் தொடாத ஒரு சொற்றொடரைப் பற்றியது: ‘பின்னர்க் கூறப்படும் அளவுக்கு.’ பார்வைக்கு வெறும் ஒட்டுச்சொல். 1989-இல் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடந்த வழக்கில், ஊராட்சிச் சட்டத்தின் கீழ் சுண்ணாம்புக்கல்லின் உரிமத்தொகை மீது விதிக்கப்பட்ட வரி செல்லாது என்று ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். உரிமத்தொகையே ஒரு வரி, ஒன்றியம் கையில் எடுத்தபின் மாநிலம் கைவைக்க முடியாது என்றனர். முப்பத்தைந்து ஆண்டுகள் அதுவே வேதவாக்கு. ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய கனிம மாநிலங்கள் விடாமல் வழக்காடின. 2024 சூலை 25-இல் ஒன்பது நீதிபதிகளில் எண்மர், உரிமத்தொகை வரியன்று, கனிம உரிமைகள் மீது வரிபோடும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு, 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பறித்துவிடவில்லை என்றனர். ஒன்றியம் எடுத்துக்கொண்டது எல்லாவற்றையும் அன்று, கூறப்பட்ட அளவுக்குத்தான்! 2005 ஏப்ரல் முதலான பழைய வரியைக்கூட, 2026 ஏப்ரல் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுத் தவணையில் வாங்கலாம் என்று அடுத்த திங்களில் வழியும் சொன்னார்கள். நாகரத்தினா அவர்கள் மட்டும் மாறுபட்டார். மாநிலங்கள் போட்டி போட்டு வரி விதிக்கும் என்பது அவரது அச்சம். அச்சம் பொருளற்றதன்று. வரம்பு விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இன்னும் உண்டு என்று பெரும்பான்மைத் தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது.

தமிழ்நாடு காலம் தாழ்த்தவில்லை. 2024 திசம்பரில் கனிம நில வரிச் சட்டம் நிறைவேறிற்று. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் என்று விகிதம் வைத்தார்கள். சிமெண்டு விலை ஏறுகிறது என்று ஆலைகள் முணுமுணுத்தன. அரியலூரில் லாரிப் புழுதியை விழுங்கிக்கொண்டிருக்கும் ஊர்களில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. 1989-இல் செல்லாமற் போனது ஊராட்சிச் சட்டத்தின் வரி. 2024-இல் திரும்பி வந்த உரிமை, மாநில வரியாக வந்திருக்கிறது. அந்த 160 ரூபாயில், பள்ளம் தோண்டப்பட்ட ஊரின் ஊராட்சிக்கு எத்தனை ரூபாய் என்பதைச் சட்டத்திலேயே எழுதிவைக்கவேண்டும். ஆணைகளுக்கும் அறிவிப்புகளுக்கும் விட்டுவிடக்கூடாது. வரிக்கான சட்டமன்ற விவாதம் மறுபடி வரும்போது, அரியலூர், பெரம்பலூர் உறுப்பினர்கள் கேட்கவேண்டிய திருத்தம் இது. வாக்கியத்தை அமைக்கும்போது ‘ஊராட்சிக்கு’ என்று நான்காம் வேற்றுமை உருபு விடுபடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.